பெயரெல்லாம் இருந்தது, விலாசம்தான் இல்லை

அந்த அச்சகத்துக்குள் நுழைந்தாலே மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறும். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் தலைமுடியில் நிற்கும்...

எண்பதுகளின் நடுவில், தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தபோது, நானும் ஸ்டெல்லா அண்ணியும் அங்கே போய் நின்றோம். சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கடைவீட்டு மாடியில், ரவிக்கை தைக்கும் கடை திறக்கப்போகிறோம். அதற்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

அண்ணி எலக்ட்ரானிக்ஸ் பேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். விடியுமுன்னே பேக்டரி பஸ், நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தையல் வராவிட்டால் ஜனவரியில் மறுபடி அதே பஸ்தான். செம்பவாங் கப்பல்பட்டறையில் வேலை பார்த்த என் அண்ணன் அப்படித்தான் கண்டிஷன் போட்டிருந்தார்.

நோட்டீசில் என்ன எழுத வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அண்ணியின் கல்யாணப் பத்திரிகையையே மாதிரியாக வைத்துக்கொண்டோம். 'அன்புடையீர்' என்று ஆரம்பித்து, கீழே சொந்தக்காரர் பெயர்கள். பெரியப்பா பெயர் மேலே வந்தால் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மாமா மேலே வந்தால் பெரியப்பா திறப்புவிழாவுக்கே வரமாட்டார். பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வரியில் போட்டோம். எல்லாருக்கும் அடியில் எங்கள் இருவர் பெயர்.

போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். அதைத்தான் அச்சக அங்கிளிடம் நீட்டினோம்; அப்படியே படமெடுத்து, பிளேட் போட்டு அடிப்பார்.

சீனர். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. மேலும் கீழும் பார்த்தார். தேதியின் மேல் விரலை வைத்தார். பிறகு விரலை அப்படியே கீழே இறக்கிக்கொண்டே போய், மலாயில் கேட்டார்.

"கடை நம்பர் மானா?"

கடை நம்பர் எங்கே...

கல்யாணப் பத்திரிகையில் மாதா கோயில் பெயர் மட்டும்தான் இருக்கும், வழி எல்லாருக்கும் தெரியும். அதைப் பார்த்து எழுதியதால் விலாசம் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை.

"நல்லவேளை, பிளேட் இன்னும் போடலை லா," என்றார் அங்கிள், மலாயும் இங்கிலீஷுமாக.

ஆர்ட்டிஸ்டிடம் ஓடினோம். "இடமே இல்லையேம்மா. யார் பேரையாவது எடுத்தாத்தான் உண்டு," என்றார்.

அண்ணி யோசிக்கவே இல்லை. "எங்க ரெண்டு பேர் பேரையும் எடுத்துடுங்க. வேற யாரையும் தொட்டா எங்களால வீட்டுக்குப் போக முடியாது."

எங்கள் பெயர்களின் மேல் விலாசம் எழுதிய தாளை ஒட்டினார். எங்கள் கடை நோட்டீசில் ஊரார் பெயரெல்லாம் இருந்தது, நாங்கள் மட்டும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலும், பிறகு தீபாவளிச் சேலை வாங்க வந்த பெண்களிடமும் கொடுத்தோம். செவ்வாய்க்கிழமை வரை யாரும் வரவில்லை. புதன்கிழமை, முன்பின் தெரியாத ஓர் அக்கா மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். ஒரு கையில் நோட்டீஸ், இன்னொரு கையில் மூன்று ரவிக்கைத் துணி.

"புக்கிட் பாத்தோக்லேர்ந்து இவ்வளவு தூரம் வர்றேன். இந்தப் படிய கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு."

அவர் போன பிறகு அண்ணி மெஷின் மேல் தலை சாய்த்து அழுதார். நானும்தான்.

போன வாரம், கடைக்கு வெப்சைட் செய்யும் பெண் ஒரு ஃபார்ம் அனுப்பினாள். நாங்கள் என்னென்ன தயாராக வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாள்... தப்பு இருந்தாலும் உடனே மாற்றிவிடலாமாம்.

ஒரு கேள்வியில் மட்டும் திணறிப்போனேன். 'இந்தத் தொழிலைத் தொடங்கிய நோக்கம் என்ன?' பாரம்பரியம், சேவை என்று ஏதேதோ எழுதி எழுதி அழித்தேன். பக்கத்தில் இருந்த அண்ணியிடம் கேட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, தையலுக்குப் போட்டிருந்த கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"அந்த பஸ்ல திரும்ப ஏறக் கூடாதுன்னுதான். அப்படியே எழுது."

அப்படியே எழுதிவிட்டேன்.