பெரியம்மாவின் விரலில் தொண்ணூற்றெட்டு

நிமோனியாவுக்காகப் பெரியப்பாவை மேடவாக்கத்தில் ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் சேர்த்திருந்தோம். அவருடைய விரலில் துணி கிளிப் போன்ற ஒரு கருவி. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை அது தலைமாட்டுத் திரைக்குச் சொல்லும். அளவு குறைந்தாலும் கிளிப் கழன்றாலும் திரை அலறும்.

இடக்கையில் டிரிப்ஸ் ஏறியதால் கிளிப் வலக்கையில் இருந்தது. இட்லியைப் பிய்க்க அவர் அதைக் கழற்றும்போதெல்லாம் திரை அலறியது. நர்ஸ் ஓடிவந்து இட்லியைக் கண்டு திட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை, பெரியம்மா கிளிப்பைத் தம் விரலில் மாட்டிக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அமைதி பிறந்தது. இட்லி தீர்ந்த பின்பும் அவர் கழற்றவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் திரையில் தொண்ணூற்றெட்டைக் கண்டு மகிழ்ந்து, பெரியப்பாவின் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை எடுக்கச் சொன்னார்.

இதெல்லாம் எனக்குப் பின்னர் தெரிந்தது. மதியம் நான் போனபோது பெரியப்பாவுக்கு மூச்சு இரைத்தது, உதடு கருத்திருந்தது. நர்ஸை அழைத்தேன்.

"தொண்ணூத்தெட்டு சார். எனக்கே இவ்ளோ இருக்காது."

"அவரைப் பாருங்க சிஸ்டர்."

"பாத்துட்டுதானே சொல்றேன்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டரும் வந்து திரையையே நலம் விசாரித்தார். "சூப்பரா இருக்காரு. நாளைக்கு ரூமுக்கு மாத்திடலாம்."

"டாக்டரே சொல்றாரு, நீ இன்னாத்துக்குடா பதறிக்கினு கீற?" என்றார் பெரியம்மா.

கிளிப் கழன்றிருக்குமோ என்று வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது கட்டிலைத் தாண்டி, நாற்காலியில் ஏறி, முந்தானைக்குள் நுழைந்தது.

"பெரிம்மா, இது உங்க வெரலு!"

"ஆமா. அவரு கையில போட்டா கத்திக்கினே கீது. நாலு பேரு தூங்க வாணாமா?"

டாக்டர் கிளிப்பைப் பிடுங்கிப் பெரியப்பாவின் விரலில் மாட்டினார். எண் சரசரவென்று எண்பதுக்குக் கீழே இறங்க, திரை அலறியது. ஆக்சிஜன் மாஸ்க் வந்தது. உதட்டின் கருமை மெல்ல விலகியது.

பெரியம்மாவை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்றே இன்றும் எண்ணுகிறேன். இட்லிக்கும் உயிருக்கும் ஒரே குரலில் அலறும் கருவியை எவ்வளவு நேரம்தான் மதிக்க முடியும்?

பெரியம்மா நெடுநேரம் வெறும் விரலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரிடம் கேட்டார்: "அப்போ காலையிலேர்ந்து நீங்க பாத்துக்கினு இருந்தது என்னையா? அவர யாருமே பாக்கலையா?"

டாக்டர் குனிந்து பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கத் தொடங்கினார்.