புகைக்கூடத்தில் தொங்கும் துணிகள்

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே ஒரு தோட்டம். ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபின் பூட்டிக் கிடந்த புகைக்கூடத்தில் இன்று ஓவியக்கூடம் திறக்கிறாள் சாந்தி. முன்பு ரப்பர் ஷீட்டுகள் புகையில் காய்ந்த மூங்கில்களில் இப்போது அவள் டிசைன் வரைந்த துணிகள் தொங்குகின்றன. சுவரில் இன்னும் புகை வாசம். இதற்காக ரவாங் நகரத் தொழிற்சாலை வேலையை விட்டிருக்கிறாள்.

"வீட்டுல என்ன சொல்றாங்க?" என்கிறேன், துணி மாட்ட உதவ வந்த தோழி நான்.

"வேலைய விட்டதுலேர்ந்து அம்மா பேசறதே இல்ல லா. இன்னிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். பதிலே இல்ல."

மதியம், தோட்ட வேலை முடிந்ததும் சாந்தியின் அம்மா வருகிறார். சிலிப்பரை வாசலில் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துணியாகப் பார்க்கிறார். செம்பனை ஓலை வரைந்த துணியின் முன் நின்று, கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்க்கிறார்.

"இத எனக்குச் சேலையில போட்டுக் குடு. தீபாவளிக்குக் கட்டிக்கிறேன்."

சாந்தி சரியென்று தலையை வேகமாக ஆட்டுகிறாள்.