உசனார் மூடிய ஐஸ் கொம்பனி

மஜீட் ஹாஜியாரின் ஐஸ் கொம்பனியில் உசனாரைப் பிடித்தவர்கள் என்று யாரும் இல்லை. காத்தான்குடிக்கு மேற்கே, வாவிக்கரையில் இருந்த அந்தக் கொம்பனியின் இயந்திர அறையை இருபத்தொரு வருடமாகப் பார்த்துவந்தவர் அவர். சாரன் உடுத்து வேலைக்கு வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். ஐஸ் கட்டி இழுப்பவன் வெறுங்காலோடு நின்றால் கண்டபடி திட்டுவார். "இவர்ர வாப்பாட கொம்பனி போல" என்று பின்னால் பேசுவார்கள். அது அவர் காதில் விழும். விழட்டும் என்று இருந்துவிடுவார்.

அவருடைய இடது கண்ணில் பார்வை பாதிதான். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு வால்வு பிய்ந்து, இயந்திரத்தில் குளிரை உண்டாக்கும் அமோனியா வாயு முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது, "அடுப்புப் புகை" என்று ஹாஜியார் முந்திக்கொண்டு சொன்னார். பிள்ளைகள் சிறுசாக இருந்த காலம், வேலை போய்விடும் என்று உசனார் தலையாட்டினார். அதற்காக ஹாஜியாரை மட்டுமல்ல, தன்னையும் அவர் மன்னிக்கவில்லை.

போன வருடம் மே மாதம், மீன் அள்ளிக் கொட்டிய நாட்களில், ஒரு காலை இயந்திர அறைக்குள் நுழைந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. துருப்பிடித்த பெரிய குழாயில் இருந்துதான் வந்தது. நேரே ஹாஜியாரின் கந்தோர் அறைக்குப் போனார்.

"குழாய் போயிட்டு ஹாஜியார். மெசின நிப்பாட்டோணும்."

"சைக்கிள் டியூபச் சுத்தி உடுங்க. போன மாசமும் அப்பிடித்தானே ஓட்டினீங்க?"

"மூணு தரம் சுத்திட்டன். இனிச் சுத்த மாட்டன்."

"வெளியில ஏழு லொறி நிக்கிது. கண் தெரியலியா ஒங்களுக்கு?"

"பாதி தெரியிது. மத்தப் பாதிய ஒங்கட கொம்பனிக்குத்தான் குடுத்தன்."

திரும்பி வந்து இயந்திரத்தை நிறுத்தினார். வால்வுகளை இறுக்கி மூடினார். "வெளியில போங்கடா எல்லாரும்! காத்து வாற பக்கமா நில்லுங்க!" என்று கத்தி, வேலை செய்த பன்னிரண்டு பேரையும் விரட்டிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

ஐஸுக்குக் காத்திருந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவர் கல்லடியில் இருந்து வந்த மீன்பிடிப் போட்டுக்காரர் ஜெயரூபன்.

"என்ட மீனெல்லாம் நாறப் போகுது. திறக்கிறியா, இல்லியா?"

"நாறினா மீன்தானே. நீ நாளைக்கும் கடலுக்குப் போவாய்."

ஜெயரூபன் பெட்டியில் இருந்த ஒரு சூரை மீனை எடுத்து அவர் நெஞ்சில் எறிந்தார். சேட்டெல்லாம் மீன் இரத்தம். யாரோ சிரித்தார்கள். உசனார் கதவை விட்டு அசையவில்லை.

ஹாஜியார் ஏறாவூரில் இருந்து இல்ஹாமை அழைப்பித்தார். இல்ஹாம் முன்பு உசனாரின் கீழ் வேலை செய்து, அவருடைய ஏச்சுத் தாங்காமல் விலகிப்போன மெக்கானிக். உசனார் சாவியை அவனுடைய கையில் கொடுக்காமல் நிலத்தில் போட்டார்.

"கந்தகம் கொளுத்திப் பாத்துட்டு மெசினப் போடு" என்றார்.

இல்ஹாம் வாயில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். கொளுத்திய கந்தகக் குச்சியைக் குழாயின் அருகே நீட்டியதும், வாயு கசிந்த இடத்தில் வெள்ளைப் புகை திரண்டது. விரல் பட்ட இடத்தில் துரு தகடு தகடாக உரிந்தது. இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தான்.

"நான் போட மாட்டன் ஹாஜியார். இந்த மனிசன எனக்குக் கண்ணிலயும் காட்டேலாது. ஆனா இண்டைக்கி இதப் போட்டா, பின்னேரம் மையித்துத்தான் தூக்கோணும்."

புதுக் குழாய் போட ஐந்து நாள் எடுத்தது. ஆறாம் நாள் வேலைக்குப் போன உசனாரை ஹாஜியார் வாசலிலேயே மறித்தார். "நீங்க ஆக்களுக்கு முன்னால என்னய அவமானப்படுத்திட்டீங்க. இனி வரத் தேவல்ல." அவருடைய இடத்தில் இல்ஹாம் நின்றான்.

வீட்டில் மனைவி ஸஹீதாவும் விடவில்லை. "குழாய் வெடிச்சுதா? இல்ல. ஆருக்காவது ஏதும் ஆச்சுதா? இல்ல. வேல போனதுதான் மிச்சம்."

"ஒண்டும் ஆகக் கூடாதெண்டுதானே பூட்டினன்!" என்று கத்தியவர், சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் கொம்பனியின் பின்புறம் பழைய இரும்புக் குவியலில் கிடந்த குழாய்த் துண்டை எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போய், அதிகாரியின் மேசையில் வைத்தார். இரண்டு கிழமை கழித்து ஆட்கள் வந்து சோதித்தார்கள். கொம்பனி இன்னும் இரண்டு நாள் மூடிக் கிடந்தது. இரண்டு வாயு முகமூடிகள் வாங்கி வாசலில் தொங்கவிட வேண்டும், வாவிப் பக்கம் இன்னொரு கதவு வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கிழமையே உசனாரின் சைக்கிள் டயர் இரண்டையும் யாரோ கத்தியால் கிழித்திருந்தார்கள்.

தேத்தண்ணிக் கடையில் ஜெயரூபன் அவரைக் கண்டார். "ஒண்டும் நடக்காததுக்கு எத்தின நாள் மூடுவீங்க?"

"நடந்திருந்தா நீதான் முன்னுக்கு நிண்டாய்."

ஜெயரூபன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

இப்போது உசனார் ஒரு கடையில் தண்ணீர் மோட்டார் திருத்துகிறார். காலையில் பழைய கொம்பனியைத் தாண்டித்தான் அங்கே போவார். கொம்பனி வாசலில் இரண்டு முகமூடிகள் தொங்குகின்றனவா என்று தெருவில் நின்று பார்ப்பார். ஒருநாள் ஒன்றுதான் தொங்கியது.

"இல்ஹாம்! மத்தது எங்க?"

"ஒங்கட வேலயப் பாத்துட்டுப் போங்க!" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.

உசனார் சைக்கிளை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினார். ஐஸ் ஏற்ற வந்த லொறி ஹோர்ன் அடித்தது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் இல்ஹாம் ஹாஜியாரின் அலுமாரியைத் திறந்து, இரண்டாவது முகமூடியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினான். இருவரும் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை. உசனார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார்.