டீச்சர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது

நான் ஒரு வரியை மாற்றினேன். மாற்றிவிட்டு, அந்த வரி ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று ஒரு பெண்மணியிடம் சாதித்தேன். அவர் நம்பினார்... இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்!

இதுதான் என் குற்றம். கொலை இல்லை, கொள்ளை இல்லை. இதற்கா இத்தனை பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். நானே பாதி இடங்களில் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சிரித்து முடித்த பிறகும் ஏதோ ஒன்று மிச்சம் நிற்கிறதே, அதற்காகத்தான் இத்தனையும்.

அப்போது கடலூரில், பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பரீட்சை ரிசல்ட் வருகிற அன்று கூட்டம் தெருவில் நிற்கும். மற்ற நாட்களில் உள்ளே நானும் மின்விசிறியும்தான். என் மனைவியின் தம்பி குமரன் சிதம்பரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். படிக்கிற நேரம் போக, படிக்க வேண்டிய நேரத்திலும் உட்கார்ந்து ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். அதற்கு ‘நுங்கு’ என்று பெயரும் வைத்திருந்தான்.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் கொசகொசவென்று ஆங்கில எழுத்தாய் நிற்கும். நுங்கு அதை ஒரு எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஊருக்குப் பொதுவான சொத்து.

“மாமா, புரோகிராம் ரெடி. ஆனா எப்புடி ஓட்டுறதுன்னு ஒருத்தனுக்கும் புரியல. நீங்கதான் நல்லா தமிழ் எழுதுவீங்களே... ஒரு ஹெல்ப் வெப்சைட் போட்டுக் குடுங்க மாமா” என்றான்.

நன்றாக எழுதுவேன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதாதா எனக்கு? அன்றே ஆரம்பித்துவிட்டேன். அவன் போனில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘உதவிப் பக்கங்கள் பொறுப்பு’ என்று போட்டு என் பெயர். அந்தப் பெயரைப் பார்ப்பதற்காகவே என் தளத்தை நானே திறந்து பார்த்த நாட்கள் உண்டு!

எழுதியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதினேனா என்று கேட்கிறீர்களா? கேட்பீர்கள் என்று தெரியும். என் பெயரை அடித்து ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். மாறியது. அதோடு திருப்தியாகிவிட்டேன்.

பிறகு குமரன் ‘மொத்தமாக மாற்று’ என்று ஒரு வசதி சேர்த்தான். ஒரு கோப்புறையைக் காட்டினால் உள்ளே இருக்கும் அத்தனையையும் ஒரே மூச்சில் மாற்றிவிடும். அதற்கும் ஒரு பக்கம் எழுதினேன். இதை அழுத்துங்கள், அதைத் தேர்ந்தெடுங்கள் என்று பக்கம் வறட்சியாக இருந்தது. வாசிக்கிறவர் மனதுக்கு இதமாக ஒன்று வேண்டாமா? கடைசியில் நானாகவே சேர்த்தேன்: ‘உங்கள் பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். நகல் எடுக்கத் தேவையில்லை. கவலையின்றி அழுத்துங்கள்!’

குமரன் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த இடத்தில் அப்படி ஒரு வரி வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஆச்சரியக்குறி வேறு போட்டேன்!

குமரன் எதிர்த்திருக்கலாமே என்பீர்கள். புரோகிராம் எழுதுகிறவன் உதவிப் பக்கத்தைப் படித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

எஸ்தர் டீச்சர் குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர். இரண்டு வருடமாக வீட்டுக் கணினியில், சமையலுக்கும் விடைத்தாளுக்கும் நடுவே, பிளஸ் டூ வேதியியலுக்குத் தமிழில் ஒரு புத்தகம் அடித்துக்கொண்டிருந்தார். கிராமத்துப் பிள்ளைகள் தனியே படித்தாலே புரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். சிதம்பரத்தில் ஒரு பதிப்பாளர், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தார். அவர் அச்சகத்து எழுத்துரு வேறு. அதனால் டீச்சர் இணையத்தில் நுங்கைத் தேடிப் பிடித்தார்.

ஒருநாள் காலை போன் வந்தது.

“தம்பி, வெப்சைட்ல நம்பர் போட்டிருக்கே, அது நீங்கதானா? என் ஃபைலு அத்தினியும் கந்தலாப் போச்சு தம்பி. தமிழ் சரியா மாறியிருக்கு. ஃபார்முலா, ஈக்வேஷன் எல்லாம் என்னென்னமோ எழுத்தா நிக்குது.”

“பழைய ஃபைல் இருக்குமே டீச்சர்?”

“எங்க இருக்கு? அது மேலயேதானே எழுதியிருக்கு! பழசு அப்புடியே இருக்கும்னு உங்க பக்கத்துல படிச்சதா ஞாபகம்... அதான் காப்பி எடுக்கல.”

பென் டிரைவில் போட்டுக்கொண்டு நேரில் வாருங்கள், பார்த்துவிடலாம் என்று தைரியமாகச் சொல்லிவிட்டுக் குமரனைக் கூப்பிட்டேன்.

“பழசு எப்புடி மாமா இருக்கும்? அது மேலதான் எழுதும். நடுவுல இங்கிலீஷ் கலந்திருந்தா அதையும் தமிழ்னு நெனச்சு மாத்திப்புடும். திருப்பியும் கொண்டாற முடியாது. மொதல்ல காப்பி எடுத்துக்கணும். அத எழுதியிருக்கீங்கல்ல?”

“எழுதியிருக்கேன்டா” என்றேன்.

பாருங்கள்... பொய் அங்கேதான் பிறந்தது. வாய் முந்திக்கொண்டது. வாய் சொல்லிவிட்டதைப் பக்கமும் சொல்ல வேண்டுமே!

டீச்சர் குறிஞ்சிப்பாடியில் பஸ் ஏறியிருப்பார். நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். என் அருமையான கடைசி வரிகளை அழித்தேன். அந்த இடத்தில் ‘மாற்றுவதற்கு முன் கட்டாயம் நகல் எடுத்துக்கொள்ளவும், பழைய கோப்பு அழிந்துவிடும்’ என்று அடித்தேன். அதையாவது அடக்கமாகச் செய்தேனா? தடித்த எழுத்து. சிவப்பு நிறம். தளத்தில் ஏற்றிவிட்டு, ஒருமுறை திறந்து பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

டீச்சர் வந்தார். புடவைத் தலைப்பால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். நான் அதைத் தொடவே இல்லை. முதலில் பக்கத்தைத் திறந்தேன்.

“இங்க போட்டிருக்கமே டீச்சர்...”

என் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு பணிவு! எவ்வளவு வருத்தம்!

அவர் குனிந்து, திரையில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். படித்துவிட்டு நிமிராமல் நின்றார்.

“செவப்புல போட்டிருக்கு... இதுகூட என் கண்ணுக்குத் தெரியலையே தம்பி! பசங்ககிட்ட டெய்லி சொல்றேன், கேள்விய முழுசாப் படிங்கடான்னு. நானே படிக்காம இருந்திருக்கேன் பாரு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “பரவால்ல டீச்சர், எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்று ஆறுதல் சொன்னேன். ஆறுதல்! நான்! பக்கத்துக் கடையிலிருந்து அவருக்கு ரோஸ்மில்க் வேறு வரவழைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே அவர் கண் டாக்டரிடம் போனார். பவர் கொஞ்சம் ஏறியிருந்ததாம். கண்ணாடி மாற்றிக்கொண்டார். “நீ காட்டலன்னா தெரிஞ்சே இருக்காது தம்பி” என்று போன் செய்து எனக்கு நன்றி சொன்னார். எனக்கு அன்று சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

புத்தகம் என்ன ஆனது என்றுதானே கேட்கிறீர்கள்? குமரன் வந்து உட்கார்ந்து முடிந்ததைச் செய்தான். தமிழ் முழுவதும் கிடைத்தது. சமன்பாடுகள் கிடைக்கவில்லை. சமன்பாடு இல்லாத வேதியியல் புத்தகத்தை யார் போடுவார்கள்? அவர் மறுபடி அடித்து முடிப்பதற்குள் ஜூன் போய்விட்டது. பதிப்பாளர் வேறொருவரின் நோட்ஸை எடுத்துக்கொண்டார். “எனக்கும் இந்தப் புக்குக்கும் ராசியில்ல தம்பி” என்று டீச்சர் அதை மூடி வைத்துவிட்டார். அந்தப் புத்தகம் வரவே இல்லை.

இத்தோடு அவர் எங்கள் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவரோ உள்ளேயே வந்துவிட்டார்!

“என்ன மாதிரி அவசரக்காரங்களுக்கும் புரியுதான்னு நான் படிச்சுப் பாத்துச் சொல்றேன். எல்லாத்தையும் எனக்கு அனுப்பு” என்றார். அன்றிலிருந்து நுங்கின் உதவிப் பக்கம் எதுவும் அவர் பார்க்காமல் ஏறியதில்லை. ஒவ்வொரு படியையும் தானே செய்து பார்ப்பார். செய்து பார்த்துவிட்டு, மூன்றாவது படியில் நீ சொன்ன பொத்தானே இல்லையே என்று எழுதுவார். நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. தளம் உண்மையிலேயே நல்ல தளமாகியது அவரால்தான். பாராட்டு மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தது.

நானும் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூடப் பக்கத்தின் அடியில் ‘இன்ன நாளில் இது திருத்தப்பட்டது’ என்று போட்டுவிடுவேன். யார் சொல்லியும் இல்லை. ஏன் செய்தேன் என்று உங்களுக்குப் புரியும். பிற்பாடு, மாற்றங்களையெல்லாம் தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாட்டுக்குக் குமரன் தளத்தை மாற்றினான். பழைய பக்கங்களையும் அதில் ஏற்றட்டுமா என்று கேட்டான். “பழைய குப்பை எதுக்குடா? இன்னைக்கு இருக்கறதுலேருந்து ஆரம்பி” என்றேன். அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலூரைப் புயல் புரட்டிப் போட்டதற்கு அடுத்த கோடையில், சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் எங்களைப் போல இலவச மென்பொருளுக்கு உழைக்கிறவர்கள் கூடினோம். மாணவர்கள் நிறைய வந்திருந்தார்கள். உதவிப் பக்கங்களைப் பற்றிப் பேச டீச்சரை மேடையேற்றினார்கள்.

“நான் இந்த வேலைக்கு எப்புடி வந்தேன் தெரியுமா? செவப்புல, கொட்ட எழுத்துல எழுதியிருந்தத படிக்காம என் புக்க நானே அழிச்சேன். அப்புடி வந்தேன்!” என்றார்.

கூடம் அதிர்ந்தது. கண்ணாடி மாற்றிய கதையையும் சொன்னார், அபிநயத்தோடு. குமரன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அத்தனை பேர் நடுவில் நானும் கைதட்டினேன்... அவர் தன்னைத் தானே முட்டாளாக்கிக்கொண்டு நிற்க, நான் கைதட்டினேன்! அப்போதுதான் முடிவு செய்தேன், இன்று சொல்லிவிடுவது என்று.

சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவருடைய பஸ்ஸுக்காக நின்றோம். டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் முதல் மிடறு குடிக்கும்வரை பொறுத்தேன்.

“டீச்சர்... அந்தச் செவப்பு வரி அன்னைக்கு இல்ல. பழைய ஃபைல் இருக்கும், காப்பி வேணாம்னுதான் நான் எழுதியிருந்தேன். நீங்க சரியாத்தான் படிச்சிருக்கீங்க. நீங்க பஸ்ஸுல வந்துகிட்டிருந்தப்பதான் நான் மாத்துனேன்.”

சொல்லிவிட்டேன்! இத்தனை வருடம் கழித்து, ஒரு சொல்லையும் விழுங்காமல் சொல்லிவிட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“ஏன் தம்பி, எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சாங்கன்னு ஒனக்கு மனசு கஷ்டமாப் போச்சா?”

“இல்ல டீச்சர், நெசமாத்தான் சொல்றேன்.”

“சும்மா இரு. யாருகிட்ட சொல்ற? ஒரு கமா மாத்துனாக்கூட தேதி போட்டு அடியில எழுதி வெக்கிற ஆளு நீ. நீ அப்புடிச் செய்வியா? பழிய நீ எடுத்துக்கிட்டா எனக்கு ஆறுதலா இருக்கும்னு பாக்குற. ஒனக்கு நல்ல மனசு தம்பி, கொஞ்சம் ஜாஸ்தியாவே.”

நான் வாயைத் திறந்தேன். ‘சத்தியமா டீச்சர்’ என்று ஒரு சொல் போதும். அவர் பொய்ச் சத்தியத்தையும் மெய்ச் சத்தியத்தையும் இருபது வருடமாக வகுப்பறையில் பார்த்தவர். முகத்தைப் பார்த்ததுமே நம்பியிருப்பார். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது.

அது வெளியே வரவில்லை. ஏனென்றால்... இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், மற்றதெல்லாம் முன்கதை... அவர் நம்பவில்லை என்றதும் எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அப்பாடா! சொல்லியும் ஆயிற்று, தப்பித்தும் ஆயிற்று!

முதல் தடவை நான் பயத்தில் பொய் சொன்னேன். அதற்காவது ஏதோ ஒரு மூலையில் மன்னிப்பு இருக்கலாம். இரண்டாம் தடவை, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, நன்றாகத் தெரிந்தே, மகிழ்ச்சியாக வாயை மூடிக்கொண்டேன். இதற்கு யாரிடம் போய்க் கேட்பேன்? நீங்கள் சொல்லுங்கள்!

குறிஞ்சிப்பாடி வழியாகப் போகும் வடலூர் பஸ் வந்தது. டீச்சர் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டார். வெளியே தலையை நீட்டி, “புது பக்கத்த நாளைக்கே அனுப்பிடு தம்பி” என்றார்.

“அனுப்புறேன் டீச்சர்” என்று கையை அசைத்தேன்.