பையைப் பிடிக்காத கைகள்

என் தங்கைக்குக் கை சும்மா இருக்காது. கூட்டத்தில் அடுத்தவர் பர்ஸை உருவியது அந்தக் கைதான். இப்போது பிரஷ் பிடிப்பதும் அதே கைதான். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளியே வந்த பிள்ளைகளுக்குச் சுவர் ஓவியத்தைத் தொழிலாகக் கற்றுக்கொடுக்கும் ஒரு பட்டறையில் அவளைச் சேர்த்துவிட்டேன். அதன்பிறகு என் வீட்டுச் சமையலறைச் சுவர்கூட அவளிடமிருந்து தப்பவில்லை.

நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். பயணிகள் காத்திருக்கும் கூடத்துச் சுவருக்குப் படம் வேண்டும் என்று பேச்சு வந்தது. மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை இவளுக்கு வாங்கிக்கொடுத்தேன். இவள் தனியாகச் செய்யும் முதல் வேலை. நன்றாக வந்தால் பட்டறையே சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். சொதப்பினால் இன்னொரு முறை கேட்க எனக்கு முகம் கிடையாது.

படம் முடிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம், அச்சு அசல். மேனேஜர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னம்மா இது? ஒருத்தன் விடாம பாக்கெட்டைப் பிடிச்சிட்டு நிக்கிறான். கைக்குழந்தைகூட பால் பாட்டிலை இறுக்கிப் பிடிச்சிருக்கு! இது என்ன பஸ் ஸ்டாண்டா, திருடங்க கூடாரமா? வாரக் கடைசிக்குள்ள மாத்து. இல்லன்னா வெள்ளையடிச்சிடுவேன்.”

அப்போதுதான் நானும் கவனித்தேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. “ஏண்டி, உனக்கு வேற மாதிரி வரையவே வராதா?” என்று அவளைத் திட்டினேன்.

அவள் திருதிருவென்று விழித்தாள். “நான் பக்கத்துல போனா எல்லாரும் இப்படித்தான்க்கா நிப்பாங்க. பையைப் பிடிக்கலன்னா, ஜனங்க கையை வச்சிட்டு என்னதான் பண்ணுவாங்க?”

இத்தனை வருஷம் கூட இருந்தும் இது எனக்குத் தெரியவில்லையே.

அன்று என் வேலை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இருவரும் கைகளை வேடிக்கை பார்த்தோம். ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஓர் அப்பா பின்னத் தெரியாமலே மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். போனில் யாருடனோ சண்டை போட்ட ஒருத்தி காற்றையே அடித்து நொறுக்கினாள். இவள் சிரித்துச் சிரித்து வரைந்துகொண்டாள்.

அந்த நேரம் பெரிய பையோடு ஓர் அம்மா வந்தார். “கொஞ்சம் பாத்துக்கம்மா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்” என்று அதை இவள் மடியில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். இவள் பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்தவர்களையெல்லாம் முறைத்தாள். என்னையும் சேர்த்துத்தான்.

அந்த அம்மா திரும்பி வந்ததும் இவள் பொரிந்து தள்ளினாள். “முன்னப் பின்னத் தெரியாதவங்ககிட்ட இப்படியா பையைக் குடுப்பீங்க?”

“யாரு, நீயா? தினமும் பாக்கறேனே. அந்தச் சுவத்துல வேலை செய்ற பொண்ணுதானே நீ” என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

வாரக் கடைசியில் மேனேஜர் வந்தார். சுவரில் கைகள் உரித்தன, பின்னின, சண்டை போட்டன. ஓரத்தில் ஓர் அம்மா ஒரு பெண்ணிடம் பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அதன் அருகே போய் நின்றார்.

“பையை வாங்குதே, இந்தப் பொண்ணு யாரு? எங்கயோ பாத்த மாதிரி இருக்கே.”

“நான்தான் சார்” என்றாள்.

அடுத்த சுவருக்கும் அவளையே அனுப்பச் சொல்லி, மேனேஜர் அங்கே நின்றபடியே பட்டறைக்குப் போன் போட்டார்.