அத்தா கொண்டுபோன பாட்டில்

ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் லேபில் காலையில்தான் கூட்டம். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள், போவதற்கு முன்னால் வருகிறவர்கள், வெறும் வயிற்றோடு வந்து எரிச்சலில் நிற்கிறவர்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். சிறுநீர்ப் பாட்டிலை நீட்டுகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். "இது உங்களோடதுதானேங்க?" பலருக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "பின்ன, பக்கத்து வீட்டுக்காரரோடதையா கொண்டாருவாங்க?" என்று ஒருவர் முதலாளியிடம் புகாரே செய்துவிட்டார். அப்படியும் கொண்டுபோகிறவர்கள் உண்டு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? என்னைப் பெற்ற அத்தாவே கொண்டுபோயிருக்கிறார்.

அப்போது எங்கள் வீடு பாலக்கரையில் ஒரு சந்துக்குள் இருந்தது. நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். துபாயில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த அத்தா, அந்தக் கம்பெனியை மூடிவிட்டதால் ஊருக்கு வந்திருந்தார். வேறொரு கம்பெனியில் விசா கிடைத்துவிட்டது, மெடிக்கல் பரிசோதனை மட்டும் பாக்கி. வெளிநாடு போகிறவர்களின் வீட்டில் மெடிக்கல் என்றால், பெண் பார்க்க ஆட்கள் வருகிற வீட்டின் பரபரப்பு வந்துவிடும். உடம்பில் இருப்பதில் எதையெல்லாம் அவர்கள் கண்ணில் படாமல் மறைக்கலாம் என்று வீடே கூடி யோசிக்கும்.

அத்தாவுக்கு சுகர் இருந்தது. எங்கள் வீட்டில் நோய்களுக்குள்ளும் மரியாதை வித்தியாசம் இருந்தது. சுகர், பிரஷர் எல்லாம் கௌரவமானவை. அவற்றைப் பற்றி வாசலில் நின்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி பேசலாம். அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு வந்ததைப் பற்றி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள். மாமா எங்களோடுதான் இருந்தார். முந்தைய வருஷம் அவருக்கு டிபி வந்து, அரசாங்கத்தில் கொடுத்த மாத்திரைகளை ஒருநாள்கூட விடாமல் தின்று, முழுசாகக் குணமாகியிருந்தார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா சொன்ன பதில், அல்சர். மாமாவுக்கென்று தனித் தட்டும், நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்த தனி டம்ளரும் இருந்தன. அவர் குணமான பிறகும் அந்தப் பொட்டை யாரும் சுரண்டவில்லை.

"மாமாவோடது ஒட்டிக்கிற வியாதி. அத்தாவோடது ஒட்டாது" என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அதனால் சிவப்புப் பொட்டு டம்ளர் பக்கமே நான் போகமாட்டேன். அத்தாவின் டம்ளரில் கடைசி வாய் டீ தினமும் எனக்குத்தான். சர்க்கரை போடாத டீ, கஷாயமாகத்தான் இருக்கும். ஆனாலும் வருஷத்தில் பாதிக்கு மேல் கண்ணில் படாத அத்தா நீட்டுகிற டீ என்பதால் அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

என் முதல் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. மண்ணச்சநல்லூரிலிருந்து வரும் அரிசி மூட்டையை மாமா ஒரே தோளில் மாடிக்கு ஏற்றிவிடுவார். ஆனால் வெளிநாடு போக அவர் எடுத்த மெடிக்கலில் அன்ஃபிட். நெஞ்சுக்குள் ஆறிப்போன தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்ததாம். அத்தாவுக்கோ காலில் செருப்பு கடித்த புண் அந்த மாதம் முழுக்க ஆறவில்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். அவர் ஃபிட் ஆகி துபாய் போய்விடுவார் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆறிய புண் தப்பு, ஆறாத புண் பரவாயில்லை என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் புரியும்?

பெயிலானவர்களுக்குத்தான் பரீட்சையைப் பற்றி அதிகம் தெரியும். ஒரு தடவை அன்ஃபிட் ஆனதிலிருந்து மாமா மெடிக்கல் விஷயத்தில் எங்கள் தெருவுக்கே ஆலோசகர் ஆகிவிட்டார். "எக்ஸ்ரேயை ஏமாத்த முடியாது மச்சான். பாட்டில ஏமாத்தலாம்" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கினார். அத்தா மெடிக்கல் எடுக்கப்போகிற இடத்தில் ரத்தத்தை வேறு காரியங்களுக்குத்தான் எடுக்கிறார்கள், சுகருக்குப் பாட்டில்தான் பார்க்கிறார்கள் என்பது அவருக்குக் கிடைத்த துப்பு. அப்படியென்றால் சுகர் இல்லாத ஒருவருடைய பாட்டில் வேண்டும். மாமாவுடையது ஆகாது. அவர் பேரில் அந்த அளவுக்கு யாருக்கும் நம்பிக்கை இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சின்னப் புள்ள. மழைத்தண்ணி மாதிரி இருக்கும்" என்றார் மாமா.

அம்மா, "இது மோசடியில்லையா?" என்று முணுமுணுத்தார். அத்தா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாங்கிய கடனும் கட்டாத வாடகையும் அவரைப் பேசவிடவில்லை என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு வேண்டியதெல்லாம் கூலி. அமுக்கினால் பேசும் பொம்மை ஒன்றைக் கேட்டேன். "துபாய் போனதும் மொத பார்சல் உனக்குத்தான்" என்றார் அத்தா. ஒப்பந்தம் முடிந்தது.

அந்தக் கோடையில் எனக்கு அடங்காத தாகம். பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நாக்கு வறண்டுவிடும். ராத்திரியில் பாயை நனைத்தேன். நாலாவது முடித்த பெண் பாயை நனைக்கிறாளே என்று அம்மாவுக்குத் துக்கம். பயந்திருப்பேன் என்று பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்து கொடுத்தார். அதையும் மடக் மடக்கென்று குடித்து மறுபடியும் நனைத்தேன். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. வெயில், திருச்சி வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். பாயில் எறும்பு ஊர்ந்ததற்கு மட்டும் வெயிலைச் சொல்ல முடியவில்லை. "பாயில உக்காந்து பன்னு தின்னியா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தார். நான் பன் தின்னவில்லை. எறும்பு ஏன் வந்தது என்று எனக்கும் தெரியவில்லை, ஆகவே அடியை வாங்கிக்கொண்டேன்.

மெடிக்கல் அன்று காலையில் மாமா தெருமுனைக் கடையிலிருந்து பெரிய கிளாஸில் நன்னாரி சர்பத் வாங்கிவந்தார். குடித்தால்தான் பாட்டில் சீக்கிரம் நிறையுமாம். எனக்கு அந்த உதவியே தேவையில்லை. பாட்டில் நிறைந்து வழிந்தது. அத்தா அதைக் கைக்குட்டையில் சுற்றி பேன்ட் பையில் வைத்துக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி வலது காலை எடுத்துவைத்துப் புறப்பட்டார். மோசடிக்கும் பிஸ்மில்லா சொல்லலாமா என்று நான் யோசித்தது நினைவிருக்கிறது. யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் ரிசல்ட் வாங்கப்போன மாமாவும் அத்தாவும் சாயங்காலம் திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் ரத்தமில்லை. அன்ஃபிட். காரணம், சிறுநீரில் சுகர்.

மாமாவால் அதைத் தாங்க முடியவில்லை. என்னை முன்னால் நிறுத்தி விசாரித்தார். "பாட்டில்ல என்னத்தடீ கலந்த?"

நான் எதையும் கலக்கவில்லை. ஆனால் பேசும் பொம்மை கைநழுவிப் போகிறது என்பது புரிந்தது. என் மூளைக்கு எட்டிய ஒரே பதிலைச் சொன்னேன். "நீங்கதானே மாமா சர்பத் வாங்கிக் குடுத்தீங்க!"

அம்மா உடனே தன் தம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா, அறிவிருக்கா? சுகர் பாக்குற அன்னைக்கு எவனாவது சர்பத் வாங்கிக் குடுப்பானா?" மாமா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சர்பத்தின் சர்க்கரை நேராக இறங்கிப் பாட்டிலுக்குப் போய்விட்டது என்பதில் அவருக்கும் சந்தேகமே வரவில்லை. மெடிக்கல் நிபுணர் இப்படிக் கோட்டை விட்டுவிட்டாரே என்று அம்மா புலம்பினார். நான் தப்பித்துவிட்டேன் என்று பானைக்குப் போய்த் தண்ணீர் மொண்டேன்.

அத்தா மட்டும் நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு டம்ளர் மொண்டேன். அதையும் பார்த்தார்.

"அந்த லேப் ஆளு என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா மாப்ள?" என்று மெதுவாக மாமாவிடம் சொன்னார். "இவ்வளவு சுகர வச்சுக்கிட்டு எப்படிங்க நின்னுட்டிருக்கீங்கன்னு கேட்டான்."

எழுந்து போய், துபாயிலிருந்து வாங்கிவந்த சுகர் மெஷினை எடுத்து வந்தார். என் விரலைக் குத்தினார். மெஷினில் எண்ணே வரவில்லை, ஏதோ இரண்டு எழுத்துதான் வந்தது. மெஷின் கெட்டுப்போச்சு என்றார் மாமா. அத்தா தன் விரலைக் குத்திப் பார்த்தார். எண் ஒழுங்காக வந்தது. திரும்பவும் என் விரல். அதே இரண்டு எழுத்து. மெஷினால் அளக்க முடியாத அளவு சுகர் என்று அதற்கு அர்த்தம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அத்தா ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தேடியதைப் பார்த்து நான் சிரித்தேன். ஊசிக்குப் பயப்பட வேண்டியவள் நான்தானே, இவர் ஏன் பதறுகிறார்?

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போதே வாந்தி எடுத்தேன். அப்புறம் நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். கையில் டிரிப்ஸ், வேளைக்கு வேளை ஊசி. ஒரு டாக்டரம்மா எங்கள் குடும்பத்தையே வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார். "இத்தனை நாளா என்ன பண்ணீங்க? இன்னும் லேட்டா வந்திருந்தா புள்ளைய நீங்க பாத்திருக்கவே முடியாது." நான்தான் இங்கே படுத்திருக்கிறேனே, இவர்களால் ஏன் பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு பக்கம் தொற்று நோய்கள், அதில் டிபி. மறுபக்கம் தொற்றா நோய்கள், அதில் சர்க்கரை நோய். சுவரும் அம்மாவும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் தொற்று நோய் யாருக்கும் தொற்றவில்லை. தொற்றாத நோய்தான் எனக்குத் தொற்றியிருக்கிறது. கவர்மென்ட் சுவரிலேயே மாற்றி எழுதிவிட்டார்களா? நெயில் பாலிஷ் பொட்டைத் தப்பான டம்ளரில் அல்லவா வைத்துவிட்டோம்!

அந்த நேரத்தில் அத்தா டீ வாங்கிக் குடித்துவிட்டு, வழக்கம்போலக் கடைசி வாயை என் பக்கம் நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏம்மா?"

"உங்க சுகருதான் எனக்கு ஒட்டிக்கிச்சு" என்றேன்.

அந்த டீயை அத்தாவும் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவிடம் அவர் அதையே கேட்டிருக்கிறார் என்று அம்மா பிற்பாடு சொன்னார். "என் ரத்தத்துல இருந்துதான் புள்ளைக்கு வந்துச்சாங்க?" இது குழந்தைகளுக்கு வருகிற வேறு வகை, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னாராம். அத்தாவுக்கு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

மாமா சாயங்காலம் புதுத் திட்டத்தோடு வந்தார். விசாவுக்கு இன்னும் காலம் இருக்கிறதாம். வேறு ஊரில் வேறொரு இடத்தில் மறுபடி மெடிக்கல் எடுக்கலாமாம். இந்தத் தடவை எதிர்வீட்டுப் பையனுடைய பாட்டில், சர்பத் கிடையாது. மாமா பாவம், தன் எக்ஸ்ரேக்குக் கிடைக்காத இரண்டாவது வாய்ப்பை மச்சானுக்காவது வாங்கித் தரவேண்டும் என்று அலைந்தார்.

"வேணாம் மாப்ள" என்றார் அத்தா.

"மச்சான், பொழப்பு..."

"நான் பாஸாகியிருந்தா இன்னேரம் பெட்டி கட்டிட்டிருப்பேன். அல்ஹம்துலில்லாஹ், அன்ஃபிட் ஆனேன்." சொல்லும்போது சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "இனிமே துபாயும் வேணாம், ஒன்னும் வேணாம். இவளுக்கு வேளாவேளைக்கு ஊசி போடணும். இங்கேயே ஏதாச்சும் செஞ்சுக்கறேன்."

அன்ஃபிட் ஆனதற்கு ஒருவர் அல்லாவுக்கு நன்றி சொல்வதை அன்றுதான் கேட்டேன். மாமா அன்ஃபிட் ஆனபோது வீடே சாப்பிடாமல் கிடந்தது. இப்போது அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. அத்தனை பேச்சிலும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒன்றுதான். அத்தா துபாய் போகப்போவதில்லை. அப்படியென்றால் பொம்மை வராது.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அத்தா எனக்கு வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஊசி குத்திய என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து ஊதி ஊதித் தடவிக்கொடுத்தார். "போயிரும்மா, வலி போயிரும். அத்தா எங்கயும் போகமாட்டேன்" என்றார். அதைக் கேட்டு நான் இன்னும் சத்தமாக அழுதேன்.