காலை ஊன்ற வேண்டாத வண்டி

"வண்டி உங்களுக்குத்தானே சார்?" என்று என் தம்பியைப் பார்த்துக் கேட்டார் கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர்.

நான் தம்பிக்கு ஓர் அடி முன்னால் நின்றிருந்தேன். காற்றில் கரைந்துபோகிற உருவமும் இல்லை எனக்கு. கோவிலம்பாக்கம் பக்கத்து அந்தக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தவள் நான். "தோட்ட வேலைக்கு ஓட்டற ஏடிவி பார்க்கணும்" என்று சொன்னவள் நான். வாங்கப்போவது நான், ஓட்டப்போவதும் நான். ஆனாலும் பதில் கேள்வி என் தலைக்கு மேலே பறந்து தம்பியிடம் போய் இறங்கியது.

"அக்கா பேர்ல வாங்கறோம். ஓட்டறது நான்தான்," என்றான் தம்பி, பல் தெரிய.

எனக்குக் காது சுட்டது.

கூடுவாஞ்சேரியிலிருந்து உள்ளே தள்ளி, தார்ச்சாலை முடிகிற இடத்தில், எனக்கும் அவனுக்கும் பொதுவாக ஒரு நிலம். அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். கொடியில் காயப்போட்ட புடவை மாதிரி நீண்டு கிடக்கும். இந்தக் கோடியில் கேட், அந்தக் கோடியில் கிணறு. நடுவில் களிமண். வெயிலில் அது ஓடு. மழையில் அது வாய். முதலில் செருப்பை விழுங்கும், அப்புறம் கணுக்காலைக் கேட்கும். அந்த வாய்க்கு அப்பால்தான் என் மாமரங்களும் கொய்யாவும் முருங்கையும். இரண்டு பக்கமும் மனை போட்டுவிட்டார்கள். கல் நட்டு, மஞ்சள் அடித்து, கொடி பறக்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் நிலம் மட்டும் நடுவில், எழுந்து போகச் சொல்லியும் எழுந்திருக்காத ஆளைப்போல், பச்சையாக உட்கார்ந்திருக்கிறது.

இருபத்தைந்து வருடம் பீர்க்கன்கரணை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய் வந்தேன். போன மழையில், யாரோ தோண்டி, யாரும் மூடாமல், தண்ணீர் நிரம்பி ரோடு மாதிரியே நடித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளத்தில் விழுந்தேன். இடது முட்டியில் தகடு வைத்தார்கள். இப்போது முட்டி மடங்கும், நீளும், பாரம் மட்டும் தாங்காது. சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திக் கால் ஊன்றினால் காலும் நானும் வண்டியும் சேர்ந்து சாய்கிறோம். ஸ்கூட்டரை விற்றாயிற்று. தார்ச்சாலை முனைவரை ஆட்டோவில் போய்விடலாம். கேட்டிலிருந்து கிணறுவரை என்ன செய்வது?

தம்பிக்கு இது வசதியாகப் போயிற்று. மனை போடுகிறவர் ஆறு மாதமாக அவனுக்குத்தான் போன் செய்கிறார். எனக்கு ஒருமுறைகூட இல்லை. பத்திரத்தில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது.

"ப்ராக்டிகலா யோசிக்கா. உன்னால அங்க நடக்க முடியாது. யாருக்காக வெச்சுக்கணும்?"

"மரத்துக்காக."

"மரமா வந்து கையெழுத்து போடப்போவுது?"

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர்கூட அடங்கிவிட்டது. கடைசியில் அவனே ஒரு வார்த்தை கொடுத்தான். நான் தனியாகக் கேட்டிலிருந்து கிணறுவரை போய், வேலை பார்த்துத் திரும்ப முடிந்தால், விற்பனை என்கிற பேச்சையே எடுக்கமாட்டான். முடியாவிட்டால் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படித்தான் ஏடிவி வந்தது எங்கள் பேச்சுக்குள். நான்கு கொழுத்த சக்கரம், குதிரையில் உட்காருவதுபோல ஏறி உட்காரலாம், சேற்றில் போகும். நான் சொன்னபோது, "அட, ரிசார்ட்ல பீச் மணல்ல சுத்துவாங்களே!" என்று அவன் கண் விரிந்தது. மறுநாளே நண்பர்கள் கூட்டத்தில் திட்டம் தயார்: சனி ஞாயிறு வண்டியை வெளியே எடுத்து ஏரிக்கரை மேல் ட்ரெயில் ரைடிங்.

"ஏரிக்கரை என்ன உங்கப்பன் போட்ட ரோடா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன்தான்கா."

சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டேன். கோபம் போகவில்லை. தண்ணீரைத் தாங்கி நிற்கிற கரை அது. அதன் முதுகைச் சக்கரத்தால் கிழிக்க இவர்களுக்கு ஒரு விளையாட்டு, அதற்கு ஒரு இங்கிலீஷ் பெயர். அதுவும் இந்த வண்டிக்கு நம்பர் பிளேட்டே கிடையாது, ரோட்டில் இறக்கவே கூடாது. என் நிலத்துக்குள்ளேயே, கேட் ஓரம் கொட்டகை போட்டு நிறுத்த வேண்டிய ஜீவன்.

கடையில் நடந்ததற்குத் திரும்புகிறேன். விற்பனையாளர் தம்பியை ஒரு சிவப்பு வண்டியின் முன்னால் நிறுத்திவிட்டார். குளவி மாதிரி இடுப்பு, மேலே தூக்கிய வால்.

"பிக்கப் பாருங்க சார், பறக்கும். ரிசார்ட்ல எல்லாம் இதான் சார் போவுது."

"பின்னால மூட்டை கட்ட கேரியர் எங்க?" என்றேன்.

"மூட்டையா?" சிரித்தார். பதிலைத் தம்பியிடம் சொன்னார்: "இது ஸ்போர்ட்ஸ் மாடல் சார். மேடமுக்குக் கொஞ்சம் பயமா இருக்கும். நீங்க ஓட்டுங்க, மேடம் பின்னாடி உக்காந்துக்கட்டும்."

பின்னாடி! அந்த வண்டியில் பின்னாடி என்று ஓர் இடமே இல்லை. இல்லாத இடத்தில்கூட என்னை உட்கார வைக்க இவர்களுக்குத் தெரிகிறது.

மூலையில் ஒரு பச்சை வண்டி நின்றது. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். முன்னும் பின்னும் இரும்புக் கேரியர், கால் வைக்க அகலமான தட்டு, பின்னால் டிரெய்லர் மாட்டக் கொக்கி, பாரத்தோடு மெதுவாக இழுக்கத் தனி கியர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. ஒரு எருமையின் பொறுமை அதன் முகத்தில். நான் அதைத் தொட்டேன். விற்பனையாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைக்குப் பின்னால் மண் கொட்டி மேடு போட்டிருந்தார்கள், ஓட்டிப் பார்க்க. தம்பி சிவப்பு வண்டியில் ஏறினான். அங்கே டயர் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் தலையைத் தூக்கினார்.

"சார், கால கீழ வெக்காத சார். பைக்கு மாதிரி இல்ல இது."

"பதினெட்டு வயசுலேர்ந்து வண்டி ஓட்டறேன்பா."

போனான். ஒரு சுற்று நன்றாகத்தான் போனான், எனக்குக் கையை வேறு ஆட்டினான். இரண்டாவது சுற்றில் மேட்டின் சரிவில் வேகம் குறைந்தது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உடனே, இந்த ஊரில் எல்லாரும் செய்வதைச் செய்தான். தாம்பரம் சிக்னலில், மேம்பாலத்துக்குக் கீழே, கடை வாசலில் என்று வாழ்நாள் முழுக்கச் செய்ததை. சாய்ந்த பக்கம் காலை நீட்டி ஊன்றினான். நான்கு சக்கர வண்டிக்கு அந்தக் கால் தேவையில்லை. பின்சக்கரம் மெதுவாக வந்து, அவன் ஷூ மேல் ஏறி, இறங்கி நின்றது.

"ஐயோ அக்கா!"

"கால தூக்கு சார், கால தூக்கு! சொன்னேன்ல? சிக்னல்னு நெனச்சிக்கினியா?" என்று மெக்கானிக் ஓடினார்.

நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. விரல்கள் மட்டும் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. அவனை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு திரும்பினேன்.

"அந்தப் பச்சை வண்டியை வெளியே எடுங்க."

"மேடம், சாருக்கே இப்படி ஆயிடுச்சு..."

"அதனால?"

"உங்களுக்கு வேற கால்ல..."

"கால் எனக்கு. வண்டியை எடுங்க. உள்ளே தண்ணி கேன் அடுக்கி வெச்சிருக்கீங்களே, அதுல ரெண்டு கொண்டுவந்து பின்னால கட்டுங்க."

"டெஸ்ட் டிரைவுக்கு லோடா மேடம்?"

"நான் என்ன மாப்பிள்ளை ஊர்வலமா போகப்போறேன்? எரு மூட்டை ஏத்தப்போறேன். பாரத்தோட எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

மெக்கானிக்தான் கேன்களைக் கொண்டுவந்து கயிறு போட்டுக் கட்டினார். நல்ல காலைத் தட்டில் வைத்து, வலது பக்கமாக ஏறினேன். ஸ்கூட்டரில் கைப்பிடியை முறுக்கிய கை, இங்கே கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ள வேண்டியிருந்தது. தள்ளினேன். எருமை நகர்ந்தது.

மேட்டில் ஏறும்போது அதே சரிவு, அதே சாய்வு. உடம்பு முழுக்க "விழப்போகிறாய்" என்று கத்தியது. என் வலது கால்கூடத் துடித்தது. சாய்ந்ததோ இடது பக்கம். இடது கால் அசையவில்லை. ஒரு வருடமாக நான் அதை நம்புவதில்லை, அதுவும் எனக்கு எந்த வாக்கும் கொடுப்பதில்லை. தட்டின் மேல் அப்படியே கிடந்தது. வண்டி தானாகத் தன்னைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி மேலே ஏறியது. கேன்களுக்குள் தண்ணீர் ஒருமுறை புரண்டு அடங்கியது.

மேட்டின் உச்சியில் நிறுத்தினேன். கால் ஊன்றாமல் நிறுத்தினேன். விழுந்த நாளுக்குப் பிறகு ஒரு வண்டியின் மேல், யார் தோளையும் பிடிக்காமல், நான் தனியாக நின்றது அங்கேதான். கீழே தம்பி வீங்கிய காலை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக இறங்கி, பின்னோக்கியும் ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு வந்தேன். காட்டினேன் என்றுதான் சொல்வேன். அடக்கமாக இருக்க அன்று எனக்கு மனமில்லை.

உள்ளே வந்ததும் விற்பனையாளர் பேனாவை எடுத்தார். "சார், பில் யார் பேர்ல போடறது?"

இந்த முறை தம்பியே கத்திவிட்டான். "யோவ், அவங்களைக் கேளுய்யா!"

திரும்பும்போது, நாங்கள் வந்த காரை ஓட்ட அவனால் முடியவில்லை. ஓட்டுநர் ஒருவரை வரவழைத்து, பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்து வந்தோம், ஆளுக்கொரு கால் குறைவாக. வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு சோபாவில் கால் நீட்டியபோது அவன் போன் அடித்தது. மனை போடுகிறவர். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போனை நீட்டினான்.

எடுத்தேன்.

"வணக்கம் மேடம். சார் இல்லீங்களா?"

"இருக்கார். கால்ல ஐஸ் வெச்சுட்டு உட்கார்ந்திருக்கார்."

"அப்போ சாரே ஃப்ரீயானதும் பேசச் சொல்லுங்க மேடம். நிலம் விஷயம்."

"நிலம் விஷயம்னா என்கிட்ட பேசுங்க. ஆறு மாசம் முன்னாடியே பேசியிருக்கணும்."

"இல்ல மேடம், சார் என்ன சொல்றாருன்னு..."

தம்பி சோபாவிலிருந்து எட்டி, போன் பக்கம் வாயைக் கொண்டுவந்தான். "அக்கா சொல்றதுதாங்க," என்றான். பிறகு ஐஸ் பையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கொடுக்கறதா இல்லை," என்றேன். "இன்னொண்ணு. உங்க ஆளுங்க கல்லு இறக்கற லாரி என் கேட்டை மறைச்சு நிக்குது. வண்டி வருது எனக்கு. நாளைக்கே எடுக்கச் சொல்லுங்க."